ஆறு குடையும் இரண்டு அன்னமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் மற்றவர்களைத் திட்டும்போது, 'இவன் மட்டும் பெரிய புத்திசாலியாக்கும்' என்று நீங்கள் கேட்டுவிடக் கூடாது பாருங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம். விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டிகளுக்கு நடுவே ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். யார் படியேறி வந்தாலும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். மதராஸிலிருந்து புளூபிரிண்ட் காகிதம் ஒரு முழுச் சுருள், கறுப்புத் தாளில் சுற்றி வந்திருந்தது. பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், உச்சி வெயிலில், கல்யாணப் பந்திக்குப் பாய் விரிப்பது போல அத்தனையையும் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் செங்கல்லும் வைத்து, குனிந்து குனிந்து பரிசோதித்தேன். வெயில் பட்டால் நிறம் மாறுவதுதான் அந்தக் காகிதத்தின் பிழைப்பே என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் என்ஜினீயர் ஞானராஜ் சார் மேலே வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு துண்டைக் கிழித்து வாளித் தண்ணீரில் அலசித் தூக்கிப் பிடித்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே நீலம்.

"வானத்தை அப்படியே படம் எடுத்திட்டீக தம்பி. நல்லா வந்திருக்கு. இதுல வீடு எங்கன இருக்கு?" என்றார்.

அது காகிதத்தோடு போயிற்று. அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. படம் அழகாக இருந்தால் கட்டடம் எழும்பிவிடும் என்று நம்பியது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சொல்ல வைத்தவர்கள் நம் ஊர் இளம் என்ஜினீயர்கள். தங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இராமல், புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் படத்தைக் காட்டினார்கள். மாடி முகப்பில் சிமெண்டில் ஆளுயரத் தாமரை. 'இயற்கையோடு இயைந்த எலிவேஷன் சார்' என்றார்கள். தாமரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டியாம். அதற்குக் கீழே? 'வழக்கம்போல ஒரு பெட்டிதான் சார்.' மேற்கு வெயிலை எது மறைக்கிறது? 'ஏசி போட்டிருக்கோம் சார்.' எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டாகப் போட வேண்டியிருந்தது. தாமரையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு உள்ளே அடுப்பாக வேகிற வீட்டுக்கு இயற்கை என்று பெயர் வைக்க எப்படி ஐயா மனசு வருகிறது?

இயற்கையைப் பார்த்துக் கட்டடம் வரைந்த ஒரு மனிதர் இந்த ஊரில் ஐம்பதுகளின் கடைசியிலேயே இருந்தார். அவரிடம் நான் டிராப்ட்ஸ்மேன். அதாவது அவர் பென்சிலால் கனவு காண்பார், நான் மையால் அதற்குக் கோடு இழுப்பேன். என் படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு வரிதான் பெறும்: நேர்க்கோடு போடத் தெரியும் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தேன், நேர்க்கோடே இல்லாத ஆளிடம் மாட்டினேன்.

ஞானராஜ் சார் நெடுநெடுவென்று இருப்பார். வெள்ளை முழுக்கைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசிக்கிற அதே குரலில்தான் சிமெண்டுக் கலவையையும் பற்றிப் பேசுவார். வடக்கே எங்கேயோ ஒரு வெள்ளைக்காரரிடம் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். சொந்த ஊர்ப்பக்கம் கட்ட வேண்டும் என்று மதராஸ் வேலையை வேண்டாம் என்றவர். எனக்கு மூத்த அசடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

'தப்பு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் டிரேசிங் துணியில் மையால் வரைவோம். கோடு பிசகினால் சவர பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். சார் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளேடு, தாளில் மடித்து இருக்கும். நான் வரைந்ததை நின்று பார்ப்பார். எங்கே பிசகோ, அதற்குப் பக்கத்தில் பிளேடை வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்புட்டுத்தான். என் வாத்தியார்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த அடி அந்த ஒரு பிளேடு வலிக்கு ஆகாது. சில நாள் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கையிலேயே கொடுத்துவிடுவார்.

அவர் போட்ட படங்களைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சங்கைக் கவிழ்த்தாற்போல ஒரு சினிமா கொட்டகை. வெடித்த பருத்திக்காய் போல நாலு பிரிவாக ஒரு பள்ளிக்கூடம். பனையோலை மடிப்பைப் பார்த்து மண்டிக்கு ஒரு கூரை. மடிப்பு இருந்தால் மெல்லிசான கூரையும் வளையாது என்பார். ஓலையைக் கையில் கொடுத்து, 'வளைச்சுப் பாருங்க' என்பார். மண்டிக்காரர் வளைத்துப் பார்த்தார். "சார், நெசமாவே வளையலை. ஆனா எங்க அய்யா ஓலைக் கொட்டகையில இருந்துதான் முன்னுக்கு வந்தாக. மறுபடி ஓலைக்கே போகச் சொல்லுதீகளே" என்றார். சங்குக் கொட்டகைக்காரரோ, "படம் ஓடும்போது ஊதுமா?" என்று கேட்டார். கடைசியில் கட்டி முடித்தது மாதா சிலை வைக்கச் சிப்பி வடிவத்தில் ஒரு கெபி மட்டும். சாமிக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்பதால் அது பிழைத்தது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. முதலாளி பெயர் வேண்டாம். லைசென்ஸுக்காகப் புதிய கொட்டகைகளுக்குப் படம் போட எங்களைக் கூப்பிட்டிருந்தார். பட்டாசுக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட, தீ தாவாமல் இருக்க இடையில் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிப் போட்ட கரிசல் பொட்டல். மருந்து இருக்கிற இடத்தில் சாப்பிடக் கூடாது. அதனால் மத்தியானச் சங்கு ஊதினால் பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு வெளியே வரவேண்டும். வெளியே எங்கே? பொட்டலில்தான். சுவர் ஓரத்தில் உச்சி வேளையில் விழுகிற ஒரு முழ நிழலில் வரிசையாக முதுகை ஒட்டிக்கொண்டு, கால்களை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். இடி இடித்தாலும் வேலையை நிறுத்திக் கொட்டகையை விட்டு வெளியேற வேண்டும். அப்போதும் அதே பொட்டல்தான்.

சார் அளவு எடுப்பதை விட்டுவிட்டு அந்தச் சுவர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் பெயர் குருவம்மா. பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். எத்தனை கழுவினாலும் போகாத அலுமினியத் தூளில் கை வெள்ளிப் பாத்திரம் போல மினுங்கும்.

"என்னய்யா, வெள்ளைச் சட்டையோட இங்கன உக்காந்துட்டீக? சட்டை வெந்துரும்" என்றார்.

"உங்களுக்கு வேகலையா?"

"நாங்க என்னைக்கோ வெந்தாச்சு. இப்பம் சூடு பண்ணிக்கிடுதோம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது ஒரு பெண் தூக்குவாளியை வைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே ஓடினாள். குருவம்மாவின் மகள் செல்வி. கேட்டை ஒட்டி வெளியே ஒரு முள் உடைமரம். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் மரம். குடையைத் தட்டையாக விரித்த மாதிரி நிற்கும். அதன் கிளையில் சேலைத் தொட்டில். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த சங்குக்குள் ஓடி வரவேண்டும்.

"மொதலாளிகிட்ட ஒரு கொட்டகை கேட்டுச் சொல்லுங்கய்யா. தொட்டிலை உள்ளார கட்டிக்கிட்டா கண்ணுமுன்னால கெடக்கும். கழுதை, ஓலைக் கொட்டகை போதும்" என்றார் குருவம்மா.

"ஓலை ஆகாதும்மா, பொறி பட்டா போச்சு" என்றார் சார். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னை அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்றார். அந்த உடைமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னார். "நெழல் எப்படி நகருதுன்னு பாத்துட்டு வாங்க. கோடு பெறகு போடலாம்." போனேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் தூங்கிவிட்டேன். தலைமேல் பட்டு எழுப்பிய வெயிலை வைத்து நிழல் நகர்ந்துவிட்டதைக் கண்டுபிடித்தேன். என் ஆராய்ச்சி அந்த லட்சணம்.

சார் போட்டது ஆறு குடைகள். கான்கிரீட் உடைமரங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே தூண். அதிலிருந்து கூரை நாலு பக்கமும் மேல்நோக்கி விரியும். மழை பெய்தால் தண்ணீர் ஓரத்தில் கொட்டாமல் நடுவுக்கு ஓடி, தூணுக்குள் இறங்கி, கீழே தொட்டியில் சேரும். அந்தப் பெண்கள் கை கழுவ. "மழை இந்தப் பக்கம் விருந்தாளி தம்பி. வந்தா ஒரு நேரம் தங்க வைக்கணும்" என்பார். குடைக்குக் குடை உயரம் கொஞ்சம் மாறும். இடைவெளி வழியாகச் சூடு மேலே போய்விடும். ஒவ்வொரு தூணிலும் தொட்டில் கட்ட இரும்பு வளையம்.

வளைந்த கூரைக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை எப்படி அடைப்பது என்று எங்கள் கொத்தனார் தலையைச் சொறிந்தார். சார் கம்பெனி காவல்காரரின் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு காலுக்கு அடியில் மட்டும் செங்கல்லாக அடுக்கினார். கட்டில் முறுக்கிக்கொண்டது. பரப்பு முழுக்க அலை மாதிரி வளைந்துவிட்டது. "கயிறு வளைஞ்சிருக்கா பாருங்க" என்றார். ஒவ்வொரு கயிறும் விறைப்பாக நேராகத்தான் இருந்தது. நேர்க்கோடுகளை அடுக்கி அடுக்கியே வளைவு. நேரான பலகையே போதும். கொத்தனாருக்குப் பிடிபட்டுவிட்டது. காவல்காரருக்குத்தான் அன்று கட்டில் கெட்டுப்போனது.

வரைபடங்கள் முடிந்தபின், முதலாளிக்குக் காட்ட ஒரு தோற்றப் படம். நேரில் நின்று பார்ப்பது போல வரைவது. கோடுகள் எல்லாம் எட்டத்தில் ஒரு புள்ளியில் கூட வேண்டும். அந்தப் புள்ளி என் மேஜைக்குள் அடங்காமல் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. அங்கே ஆணி அடித்து அறைக்குக் குறுக்கே நூல் கட்டினேன். டீ கொண்டுவருகிறவர் ஒரு வாரம் அந்த நூலுக்குக் குனிந்து குனிந்து, 'என்ன சார், ஆபீஸ்ல சாமி இருக்கா?' என்றார்.

மைக்கோட்டை முடித்து, அதற்கு ஒரு புளூபிரிண்டும் எடுத்துக்கொண்டு, கெட்டித் தாளில் வேறொன்று வரைந்து வர்ணம் தீட்ட உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்குள் இருந்த கலைஞன் கண் விழித்தான். அவனை அடித்துத் தூங்க வைத்திருக்க வேண்டும். ஆரஞ்சு வானம் போட்டேன். பொட்டலைப் புல்வெளி ஆக்கினேன். மழைத்தொட்டியில் இரண்டு அன்னம் விட்டேன்.

சார் வந்தார். பிளேடை அன்னத்தின் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார், பார்க்கிறவுகளுக்கு ஒரு கவர்ச்சி..."

"வெம்பக்கோட்டை ரோட்டுல அன்னம் எங்க பாத்தீக?"

சுரண்டினேன். நீர்வர்ணம் தாளில் ஊறியிருந்ததால் நிழல் மாதிரி லேசாகத் தடம் நின்றுவிட்டது. கட்டடத்தின் அளவு தெரிவதற்கு மனித உருவங்கள் போடுவது வழக்கம். கோட்டும் தொப்பியுமாக ஆட்களைப் போடுவார்கள். நானோ, சார் சொன்னபடி, மைக்கோட்டிலேயே அந்தப் பெண்களைப் போட்டிருந்தேன். நடுக்குடையின் கீழே தூக்குவாளியோடு காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர் குருவம்மா. தூண் ஓரம் தொட்டிலை ஆட்டுவது செல்வி.

முதலாளி படத்தைப் பார்த்து அசந்துவிட்டார். "ஏயப்பா! என்ன அம்சமா இருக்கு! எவன் போட்டது?" சார் என்னைக் காட்டினார். நான் தரையில் இல்லை. "கட்டிருவோம் என்ஜினீயர். இது இங்கன இருக்கட்டும், வீட்டுல காட்டணும்" என்று படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "ஆனா உள்ள கட்டுனா லைசென்ஸ் படத்தைத் திருத்தணும். மாதிரிக்கு மொதல்ல ஒண்ணு கேட்டுக்கு வெளிய கட்டுங்க. மிச்சம் அஞ்சும் சீசன் முடிஞ்சு."

ஒன்றைக் கட்டினோம். பலகை பிரிக்கிற அன்று விழுந்துவிடும் என்று எல்லாரும் எட்ட நின்றார்கள். சார் மட்டும் தூணில் கை வைத்துக்கொண்டு அடியிலேயே நின்றார். நானும் விசுவாசமாக நின்றேன், ஒரு கால் வெளியே. குடை அசையவில்லை. குருவம்மா கேட்டுக்குள்ளிருந்து கைதட்டினார். வெள்ளிக் கையின் ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது.

அடுத்த வாரம் போனோம். குடையின் கீழே முதலாளியின் பிளஷர் கார் நின்றது. நிழலில், சொகுசாக. பக்கத்தில் இருந்த உடைமரத்தைக் காணோம். வெள்ளை வெளேரென்று அடிமரம் மட்டும்.

"வண்டி திரும்ப எடம் பத்தலைன்னு வெட்டச் சொல்லிட்டாக" என்றார் காவல்காரர்.

தள வரைபடத்தில் அந்த மரத்துக்குப் பக்கத்தில், 'இந்த மரம் இருக்க வேண்டும்' என்று நான்தான் மையால் எழுதியிருந்தேன். அதை எவன் படித்தான்? கான்கிரீட் மரத்தைக் கட்டிவிட்டு உயிர் மரத்தை வெட்டிய ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். குடையின் கீழே பெண்கள் ஒதுங்கக் கூடாதாம், வாளி உரசி வண்டியில் கீறல் விழுமாம். தூணில் சார் வைத்த வளையத்தில் காரைத் துடைக்கிற துணி தொங்கியது. தொட்டில் கட்ட இடமில்லாமல் செல்வி வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

மிச்சம் ஐந்துக்காக சார் நடந்தார். சீசன் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அடுத்த லோடு போகட்டும் என்றார்கள். போயிற்று. தீபாவளி நெருங்கியது. விருதுநகர் பஜாரில் ஒரு பட்டாசுக் கடையைக் கடந்தபோது எதையோ பார்த்துத் திரும்பி வந்தேன். பூச்சட்டிப் பெட்டி. மேலே பளபளவென்று என் படம்! சிவகாசி அச்சகத்தில் அடித்த லேபிள். ஆரஞ்சு வானம், ஆறு குடை. குடைகளின் உச்சியிலிருந்து பூ பூவாகப் பொறி கிளம்புகிறது. பெண்கள் ஒருத்தரும் இல்லை. குருவம்மா இருந்த இடத்தில் ரோஜாச்செடி. செல்வியும் தொட்டிலும் இருந்த இடத்தில் கம்பெனி பெயர். நான் சுரண்டிய தடத்தை அச்சக ஓவியர் கண்டுபிடித்துவிட்டார் போல. மழைத்தொட்டியில், கழுத்தை வளைத்துக்கொண்டு, இரண்டு அன்னம்.

பெட்டியை வாங்கிக்கொண்டு சாரிடம் ஓடினேன். அன்றைக்கே இருவரும் கம்பெனிக்குப் போனோம்.

"வாங்க வாங்க, காப்பி சாப்பிடுதீகளா?" என்றார் முதலாளி.

"மிச்சம் அஞ்சு குடை?" என்றார் சார்.

"அதான் ஆறையும் போட்டாச்சே. எண்ணிப் பாருங்க!" என்று லேபிளைக் காட்டிச் சிரித்தார். "கட்டடம்னா இந்தப் பொட்டல்ல நிக்கும், நாலு பொம்பளைக பாப்பாளுக. இது பம்பாய் வரைக்கும் போகுது. உங்க பேருக்குத்தான் பெருமை. தம்பிக்கு ரெண்டு பெட்டி எடுத்துக் குடுங்கப்பா."

சார் சட்டைப் பையில் கையை விட்டார். தாளைப் பிரித்தார். பிளேடை எடுத்து, முதலாளியின் மேஜையில் இருந்த பெட்டியின் மேல், அன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எழுந்து நடந்தார்.

முதலாளி பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப்பா இது, சவரம் பண்ணாமயா வந்திருக்கேன்?" என்று தாடையைத் தடவிக்கொண்டார்.

அந்த ஆளுக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை. என் கோபமெல்லாம் அதுதான். ஏமாற்றியவன் குறுகிப்போனால் நமக்குக் கொஞ்சம் ஆறும். அவர் பரிசு கொடுத்ததாக நினைத்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார். சார் அதன்பிறகு லைசென்ஸ் கொட்டகைகளுக்கு நேர்க்கோடு போட்டுப் பிழைத்தார். பையில் பிளேடு வைப்பதை விட்டுவிட்டார். நான் பிசகினாலும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். நெற்றியில் தாமரை ஒட்டுகிற தம்பிகளே, நீங்கள் போடுவது எலிவேஷன் இல்லை. அந்த லேபிள்தான்.

பரிசுப் பெட்டிகளை வாங்காமல் நானும் வெளியே வந்தேன். மத்தியானச் சங்கு ஊதியிருந்தது. குருவம்மா அதே சுவர் ஓரம், அதே ஒரு முழ நிழல். லேபிள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை ஒட்டிய பெட்டியில்தானே அவர் அடைத்த பூச்சட்டி போகிறது. எனக்கு ஏதாவது சொல்லி ஆற்ற வேண்டும் போல இருந்தது. யாரை ஆற்ற என்று கேட்காதீர்கள். வர்ணம் தீட்டுமுன் எடுத்து வைத்த அந்தப் பழைய புளூபிரிண்ட் பையில் இருந்தது, எடுத்து விரித்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடாக ஆறு குடை, தொட்டில், தூக்குவாளி.

"அக்கா, லேபிள்லதான் உங்களை எடுத்துட்டாக. நான் போட்ட படத்துல நீங்க இருக்கீக. இந்தா பாருங்க, நடுவுல காலை நீட்டி உக்காந்திருக்கீக."

வெள்ளிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சோற்றை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அதுலயாச்சும் நெழல்ல இருக்கேன்."